நடுச்சாமப் பூசைக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா?

மார்கழி பிறந்து கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசை நெருங்கிவிட்டால், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் இளம் தாய்மார்கள் என்னைப் பிடித்துக் கேட்பது இதைத்தான்: "டீச்சர், இந்த வருஷம் பாப்பாவைக் கூட்டிட்டு வரலாமா?" தவக்காலம் முடியும் நேரத்தில் பாஸ்கா இரவுக்காக (ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு) அதே கேள்வி திரும்ப வரும். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், கொள்ளிடக் கரையோரம் எங்கள் ஊர். இரண்டு வயதுப் பிள்ளை இரவு பதினோரு மணிக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும், அந்தப் பூசை ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் தெரியும். அந்த இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மனதில் இருக்கும் பாரத்தை இறக்கி வையுங்கள். "பிள்ளையை வீட்டில் விட்டால் பாவமாகுமா?", "பிள்ளைக்காக நான் நடுச்சாமப் பூசையை விட்டால் கடன் திருநாள் போயிற்றா?" என்று கேட்கிறார்கள். கடன் திருநாள் என்றால் கட்டாயம் பூசை காண வேண்டிய திருநாள். இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். ஏழு வயது நிறையாதவர்களைத் திருச்சபையின் சட்டங்கள் கட்டுப்படுத்துவதில்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 11-ஆம் எண் இதைச் சொல்கிறது. பெரியவர்களுக்கோ, கடன் திருநாள் பூசையை முந்தின நாள் மாலையிலும் காணலாம், திருநாள் அன்று எந்த நேரத்திலும் காணலாம். கிறிஸ்து பிறப்புக்கென்று மாலை, இரவு, விடியல், பகல் என நான்கு பூசைகள் திருப்பலி நூலிலேயே இருக்கின்றன. காலை எட்டு மணிப் பூசைக்குப் போகிறவர் எந்த விதத்திலும் குறைந்த கிறிஸ்தவர் இல்லை. நடுச்சாமம் என்பதும் மாற்றவே முடியாத நேரம் இல்லை. 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், உரோமையில் கிறிஸ்து பிறப்பு இரவுப் பூசையைப் பத்து மணிக்கு மாற்றினார்.

அப்படியானால் ஏன் கூட்டிப்போக வேண்டும்? நான் கூட்டிப்போகச் சொல்கிற கட்சிதான். ஆனால் எல்லாப் பிள்ளையையும் இல்லை, எல்லா இரவுக்கும் இல்லை, முழுப் பூசைக்கும் இல்லை.

எங்கள் விவிலிய வகுப்பில் ஒரு முறை இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். இணைச்சட்டம் 31-ஆம் அதிகாரத்தில், ஏழு ஆண்டுக்கு ஒரு முறை சட்ட நூலை வாசிக்கும்போது ஆண், பெண், சிறுவர் எல்லாரையும் கூட்டுங்கள் என்று மோசே சொல்கிறார். நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில் அதே சட்ட நூலை எஸ்ரா காலையிலிருந்து நண்பகல் வரை வாசிக்கிறார். அங்கே வந்திருந்தவர்கள் ஆண்கள், பெண்கள், 'புரிந்துகொள்ளக் கூடியவர்கள்'. இரண்டும் ஒரே மக்களின் வழக்கம். சிறுவர் எதற்கு வர வேண்டும் என்று யூத மத ஆசிரியர்களான ரபிகளும் கேட்டிருக்கிறார்கள். ஆண்கள் கற்க வருகிறார்கள், பெண்கள் கேட்க வருகிறார்கள், சின்னப் பிள்ளைகள் எதற்கு? அவர்களைக் கொண்டுவருகிறவர்களுக்குப் பலன் கிடைப்பதற்காக என்று ரபி எலயாசர் பென் அசரியா சொன்னதாக, ரபிகளின் விளக்கங்களைத் தொகுத்த நூலான தால்மூதில் இருக்கிறது. யூதர்களிடத்தில் பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டு, ஆண் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில்தான் கட்டளைகள் கடமையாகின்றன. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் பழக்குவது.

பழக்குவது என்றால் பிள்ளைக்கு அந்த இடம் பிடிக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பி, நமைச்சல் எடுக்கும் பட்டுப் பாவாடையைப் போட்டு, கூட்டத்தில் நசுக்கி, அழுதால் வாயைப் பொத்தி உட்கார வைத்தால் பிள்ளை பழகுவது வேறொன்றுக்கு.

இன்னொன்றும் யூதர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். பாஸ்கா இரவு அவர்களுக்கு வீட்டில் நடக்கும் வழிபாடு, வெகுநேரம் நீளும். ஆனால் தொடக்கத்திலேயே, வீட்டில் இருப்பவர்களில் சின்னப் பிள்ளை எழுந்து, "மற்ற எல்லா இரவுகளையும்விட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் அதற்குப் பதிலாகத்தான் எகிப்திலிருந்து வெளியேறிய கதையைச் சொல்கிறார்கள். பிள்ளைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுங்கள் என்று தால்மூதிலேயே குறிப்பு உண்டு. பிள்ளையின் பங்கை முன்னால் வைத்துவிடுகிறார்கள், பிள்ளை விழித்திருக்க வழியும் செய்துகொடுக்கிறார்கள். நாம் தீர்மானிக்கும்போதும் இதையே கேட்டுக்கொண்டால் போதும்: இன்று இரவு நடப்பதில் என் பிள்ளையின் பங்கு எது, அது எத்தனை மணிக்கு வருகிறது?

எந்த இரவு?

இப்படிப் பார்த்தால், பலரும் நினைப்பதற்கு மாறாக, நான்கு வயதுப் பிள்ளைக்குக் கிறிஸ்து பிறப்பு நடுச்சாமப் பூசையைவிடப் பாஸ்காத் திருவிழிப்புதான் நல்லது என்பது என் எண்ணம்.

கிறிஸ்து பிறப்பு இரவில் பதினொன்றரைக்குத் தொடங்கினால், பிள்ளை காத்திருப்பது பாலன் இயேசுவைக் குடிலில் வைப்பதற்காக. "உன்னதங்களிலே" என்று தொடங்கும் வானவர் கீதத்தின்போது மணியெல்லாம் அடித்து அதைச் செய்துவிடுவார்கள், ஆனால் கூட்டத்தில் பிள்ளையின் கண்ணுக்கு எட்டாது. பாலன் சுரூபத்தை முத்தம் செய்யும் வரிசை கடைசியில், ஒரு மணிக்கு மேல். அதற்குள் பிள்ளை இரண்டு முறை தூங்கி இரண்டு முறை அழுதிருக்கும். அதே குடில் மறுநாள் காலையிலும் அங்கேயேதான் இருக்கும். வைக்கோல், மாடு, ஆடு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டலாம், யாரும் தள்ள மாட்டார்கள்.

பாஸ்கா இரவு வேறு மாதிரி. எடுத்த எடுப்பிலேயே கோயில் முழுக்க விளக்கை அணைத்துவிடுகிறார்கள். வாசலில் புதுத் தீ எரிகிறது. சாமியார் பெரிய பாஸ்காத் திரியை ஏற்றிக்கொண்டு இருட்டுக்குள் நடக்கிறார், "கிறிஸ்துவின் ஒளி" என்று மூன்று முறை பாடுகிறார், அந்த ஒரு திரியிலிருந்து எல்லார் கையிலும் திரி பற்றுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக மறைக்கல்வி நடத்த என்னால் முடியாது. என் பேரன் அந்த வயதில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் ஆயா லைட்டையெல்லாம் அணைச்சாங்க?" என்று கேட்டான். யூதப் பிள்ளை கேட்கிற அதே கேள்விதான் அது. கேட்டுவிட்டால் அந்த இரவில் அவன் பங்கு நிறைவேறிவிட்டது.

அதற்குப் பிறகு வாசகங்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வைத்திருக்கிறார்கள். குறைக்கலாம், ஆனால் குறைந்தது மூன்று வேண்டும், செங்கடலைக் கடக்கும் கதை வருகிற விடுதலைப் பயண நூலின் 14-ஆம் அதிகாரத்தை எப்போதும் விடக்கூடாது. பெரியவர்களுக்கே நீளம்தான். பிள்ளை இந்த நேரத்தில் மடியில் தூங்கட்டும். வானவர் கீதத்துக்கு மணி அடித்து விளக்கெல்லாம் எரியும்போது தானே விழித்தால் சரி. பிறகு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்துத் தண்ணீர் தெளிக்கும்போது முகத்தில் பட்டதும் சிரிக்கும். தூங்கிவிட்டாலும் ஒன்றும் இழப்பு இல்லை. பார்க்க வேண்டியதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. சில ஊர்களில் உயிர்த்த ஆண்டவர் சுரூபம் எழும்பும் நேரத்தில் வெடி வெடிப்பார்கள். எந்த இடத்தில் வெடிப்பார்கள் என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். திரியும் அப்படித்தான். நைலான் ஃபிராக், பின்னிய முடி, பக்கத்தில் எரியும் திரி மூன்றும் சேர்ந்தால் ஒரு நொடி போதும். ஏழு வயதுக்குக் கீழே தனியாகத் திரி கொடுக்காதீர்கள். உங்கள் கைக்கு மேல் அதன் கையை வைத்துச் சேர்ந்து பிடியுங்கள்.

பெரிய வியாழன் இரவு ஆராதனைக்கு அன்பியம் (பங்கில் அக்கம்பக்க வீடுகள் சேர்ந்த சிறு குழு) வாரியாக மணி ஒதுக்குவார்கள். பன்னிரண்டு வரை போகும். முதல் மணிநேரத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு, பிள்ளையோடு கால்மணி நேரம் முழந்தாளிட்டு வீட்டுக்கு வாருங்கள். டிசம்பர் 31 இரவுக்குச் சின்னப் பிள்ளை வேண்டவே வேண்டாம். பூசை நல்லதுதான், சாலைதான் மோசம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் அதிகம் இருக்கிற இரவு அது.

பாஸ்காவுக்கு முந்தின வியாழன், வெள்ளி, சனி மூன்று இரவும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பகல் தூக்கத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரு இரவு குறைந்தால் மறுநாள் ஈடுகட்டலாம். மூன்று இரவு தொடர்ந்து குறைந்தால் எரிச்சல், சாப்பிடாமை, சளி என்று ஒவ்வொன்றாக வரும்.

எந்தப் பிள்ளை?

மூன்று நான்கு மாதக் கைக்குழந்தை பால் குடித்துத் தோளில் தூங்கும். கூட்டமும் ஒலிபெருக்கியும் இல்லாத ஓரத்தில் இடம் கிடைத்தால் தாயும் பூசை காணலாம். நடக்கத் தொடங்கியதிலிருந்து மூன்றரை வயது வரைதான் ரொம்பக் கஷ்டம். உட்காரவும் மாட்டார்கள், சொன்னாலும் புரியாது, தூங்கவும் மறுப்பார்கள். இந்த வயதுப் பிள்ளையை வீட்டில் பாட்டியோடு படுக்கவைத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் காலைப் பூசைக்கு எல்லாரும் சேர்ந்து வாருங்கள். நான்கிலிருந்து ஆறு வரை பிள்ளையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது. ஏழுக்கு மேல் கூட்டிவாருங்கள், அதுவே வர ஆசைப்படும்.

மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு மார்கழிப் பனியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் ஆகாது. வலிப்பு வந்த பிள்ளை என்றால் தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டக்கூடும். அதனால் இரவு விழிப்பு எதுவும் வேண்டாம், மருத்துவர் சரி என்றால் ஒழிய. அன்று காய்ச்சல் அடித்தால் பேச்சே இல்லை.

வானவர் வேடம் போடுகிற பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இறக்கை கட்டி, முகத்தில் பவுடர் அப்பி, இரவு ஒன்பதரைக்கே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். பூசை தொடங்கும்போது அவை பசித்துச் சோர்ந்து நிற்கின்றன. புகைப்படம் நன்றாக வரும். பிள்ளைக்கு என்ன மிஞ்சியது? சின்னப் பிள்ளைகளை மாலைக் கலைநிகழ்ச்சியில் ஏற்றி ஏழரைக்குள் இறக்கி வீட்டுக்கு அனுப்புங்கள். இரவுப் பூசைக்கு எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் போதும்.

அன்றைய நாள்

தீர்மானித்தாயிற்று, ஐந்து வயதுப் பிள்ளை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மதியம் கட்டாயம் தூங்க வேண்டும். விருந்தாளி வந்தாலும் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாலும் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக் கூடப் படுங்கள். மதியம் தூங்கவில்லை என்றால் திட்டத்தை மாற்றிக் காலைப் பூசைக்கு வையுங்கள். எட்டு மணிக்குத் தூங்கவைத்துப் பதினொன்றுக்கு எழுப்பலாம் என்று சிலர் செய்கிறார்கள். ஏழெட்டு வயதுக்கு அது சரிப்படும். நான்கு வயதுப் பிள்ளையை ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பினால் ஒரு மணி நேரம் சிணுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஏழரைக்கு இரண்டு இட்லி, பத்து மணிக்குக் கொஞ்சம் பால். நற்கருணை வாங்குகிறவர்களுக்குத்தான் ஒரு மணி நேர உபவாசம். புது நன்மை (முதல் நற்கருணை) வாங்காத பிள்ளைக்கு அது கிடையாது. ஒரு டப்பாவில் பொட்டுக்கடலை, ஒரு வாழைப்பழம், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் சாப்பாடா என்று யாராவது பார்த்தால் பார்க்கட்டும், சிந்தாமல் கொடுங்கள். மொறுமொறுக்கிற பாக்கெட் மட்டும் வேண்டாம்.

கிறிஸ்து பிறப்பு இரவு என்றால் உள்ளே பருத்திச் சட்டை, மேலே ஸ்வெட்டர், வண்டியில் வரும்போது மங்கி குல்லா. புதுத்துணி பட்டாக இருந்தால் காலையில் போடலாம். சம்பா வயல் தண்ணீரோடு நிற்கிற காலம், கொசு மொய்க்கும், முழுக்கை முழுக்கால் துணி போடுங்கள்.

போகிற வழிதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. ஒரே வண்டியில் அப்பா, அம்மா, நடுவில் தூங்கும் பிள்ளை, முன்னால் நின்றுகொண்டு இன்னொன்று, ஆற்றுக் கரைச் சாலை, பனிமூட்டம். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும், தலைக்கவசம் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் விதி. நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்? நாலு வீடு சேர்ந்து ஒரு வேன் பேசுங்கள். வேன் கிடைக்காவிட்டால் அதுவே போக வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம்.

பாஸ்கா இரவு என்றால் முந்தின வாரமே கதையைச் சொல்லிவையுங்கள். "லைட்டை அணைப்பாங்க, பயப்படாதே, உடனே நெருப்பு வரும்." கடல் பிளந்ததை, சனங்கள் நடந்து போனதைத் தூங்கும்போது சொல்லுங்கள். அன்று பகலில் ஒரு நடை கோயிலுக்குப் போய் எங்கே உட்காரப் போகிறோம், கழிப்பறை எங்கே என்று காட்டிவிட்டு வாருங்கள்.

பக்கவாசல் ஓரம், ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து தள்ளி, ஒரு பாய் விரித்து உட்காருங்கள். முன்வரிசை வேண்டாம், முன்வரிசையிலிருந்து எழுந்து வர யாருக்கும் மனம் வராது.

எழுந்து வருவதைத்தான் வீட்டிலேயே பேசி முடிக்க வேண்டும். முதலில் அழுதால் அப்பா தூக்கிக்கொண்டு வெளியே போவார், இரண்டாவது தடவை அம்மா, மூன்றாவது தடவை எல்லாரும் வீட்டுக்கு. இதைக் கிளம்புவதற்கு முன் சொல்லி, இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் ஆண்கள் பாதிப்பேர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டே பூசை காண்கிறார்கள். பிள்ளை உள்ளே தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறது. அவள் வெளியே வந்து பிள்ளையை நீட்டினால் "கொஞ்ச நேரம் நீயே வச்சுக்கோ" என்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வருகிற இரவு அவளுக்கும் உரியது. பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்பாயி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் சொல்கிறார்கள். "எங்க காலத்துல கைப்புள்ளையத் தூக்கிட்டு விடிய விடிய இருந்தோம், நீங்க என்னடி" என்பார். அவரிடம் வாதாடாதீர்கள். "ஆமா அத்தை, நீங்க இருந்தீங்க. இவனுக்கு நெருப்பு ஏத்துற வரைக்கும் காட்டிட்டுக் கொண்டாந்துடுறேன். காலையில நீங்களே கூட்டிட்டுப் போயி குடிலைக் காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கென்று ஒரு வேலை கொடுத்தால் பெரும்பாலும் மனம் இளகும். வழக்கம் மாறவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தால் இதைச் சொல்லலாம்: பாஸ்காத் திருவிழிப்பே பல நூற்றாண்டு சனிக்கிழமை பகலில்தான் நடந்துகொண்டிருந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் அதை இரவில் நடத்த அனுமதி கொடுத்து, 1956 முதல் எல்லா இடத்துக்கும் விதியாக்கினார்.

கோயிலில் அக்கம்பக்கம் உட்காரும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை அழுதால் திரும்பி முறைக்காதீர்கள். "உஷ்" என்பதைவிட, நகர்ந்து வழிவிடுவது அந்தத் தாய்க்கு உதவும். உங்கள் தோளில் ஐந்து நிமிடம் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டாலே பாதி தீர்ந்துவிடும். திருவிழிப்பு இருட்டிய பிறகு தொடங்கி விடிவதற்குள் முடிய வேண்டும், அவ்வளவுதான் விதி. சித்திரை வாக்கில் நம் ஊரில் ஏழு மணிக்கு மேல் நன்றாக இருட்டிவிடும். ஏழரைக்கோ எட்டுக்கோ தொடங்கினால் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். கிறிஸ்து பிறப்புக்கும் 24-ஆம் தேதி மாலை ஒரு பூசை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சாமியாரிடம் ஒருவராகப் போகாமல் நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து, நவம்பர் மாதமே போங்கள். டிசம்பர் நடுவில் போனால் நேரமெல்லாம் அறிவித்து முடித்திருப்பார்கள்.

மறுநாளையும் யோசித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்து பிறப்புக்கு அரையாண்டு விடுமுறை இருப்பதால் பிள்ளை எட்டு மணி வரை தூங்கலாம், யாரும் எழுப்ப வேண்டாம். பாஸ்காவுக்கு அப்படி இல்லை, திங்கட்கிழமை பள்ளிக்கூடம். ஞாயிறு மதியம் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரவு ஏழரைக்கெல்லாம் பிள்ளையைப் படுக்கவைத்துவிடுங்கள்.